அப்பா வரைந்த நரி

ஐப்பசி, ஞாயிறு இரவு. கோவை.

அப்பாவின் மயில் கதையை மறுபடி அச்சிடப் போகிறார்கள். நாளைக் காலை நான் சரி என்று சொல்ல வேண்டும். காடு சுற்றி, வரைந்து, கதை எழுதியே வாழ்ந்து முடித்தவர் அப்பா. அந்தக் கதையில் மயில் நல்லது. முட்டை திருடும் நரி கெட்டது.

இன்று வெள்ளகோவிலிலிருந்து அம்மாவின் தம்பி வந்திருந்தார். அவருடைய மக்காச்சோளத்தை மயில்கள் கொத்தித் தீர்த்துவிட்டனவாம்.

“தொரத்தி முடுக்கி உடலீங்களா மாமா?” என்றேன்.

“எத்தனையத்தான் முடுக்கறது அம்மணி? முட்டையத் திங்க நரி இருந்தாத்தானே குறையும்? மச்சானோட கதையக் கேட்டுப்போட்டுத்தான், சின்னதுல நாங்க நரி வளையெல்லாம் கல்லப் போட்டு அடைச்சோம்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். விளையாட்டா, குற்றச்சாட்டா, புரியவில்லை. நாலு பிள்ளைகள் அடைத்தா நரி இல்லாமல் போகும்?

ஆனாலும் அவர் போனபின் அந்தக் கதைக்கு அப்பா வரைந்த படத்தை எடுத்துப் பார்த்தேன். நரியின் வாயில் முட்டை. பின்னால் புதருக்குள் இரண்டு குட்டிகள், வாயைப் பிளந்துகொண்டு. இத்தனை வருடம் என் கண்ணில் படவில்லை. கதையில் குட்டிகளே கிடையாது.

பார்த்துத்தானே வரைந்திருப்பார்? எழுதும்போது மட்டும் ஏன் விட்டார்? நாளை நான் எதற்குச் சரி சொல்ல, கதைக்கா, படத்துக்கா?