வலையை இறக்கித் தரமாட்டேன், மாமா

கோபக்கார மாமாவுக்கு, உன்னைவிடக் கோபக்காரி எழுதுவது.

நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. மற்றவர் சொல்லி நீ கொதிப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். காணும் பொங்கல் மான் வேட்டைக்கு நம் வீட்டு வலையை நான் தரவில்லை. அதனால் இந்த வருஷம் ஊரில் வேட்டையே இல்லை. பல்லைக் கடிக்காதே, முழுசாகக் கேள்.

போன கோடையை நீ பார்க்கவில்லை. கல்வராயன் மலையில் ஊற்றெல்லாம் வற்றிவிட்டது. கோமுகி அணைக்குள் ஆடு நடந்து போனது. பட்டப்பகலில் கச்சிராயபாளையம் கரும்புக் கொல்லைக்குள் புள்ளிமான் கூட்டம் கூட்டமாக நின்றது. உன் தம்பி ஏழுமலைக்கு வாயெல்லாம் பல். "இந்த வருசம் மான் ரொம்ப ஜாஸ்தி அண்ணி, பொங்கலுக்கு வலை தாங்காது" என்றான். நானும் தியாகதுருகத்தில் இருக்கும் நம் மகளுக்குப் போன் போட்டு அதையே பெருமையாகச் சொன்னேன். தண்ணீர் இல்லாமல் இறங்கி வந்ததைப் பெருகிவிட்டது என்று நினைத்தோம். தலைமுறை தலைமுறையாக வலை கட்டும் குடும்பம் நாம். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் அவை சாக ஆரம்பித்தன. வாய்க்காலில் இரண்டை நாய்கள் குதறிப் போட்டிருந்தன. நம் கொல்லைக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கட்டு, கட்டு என்று எத்தனை வருஷம் உன்னிடம் கத்தினேன்? அதில் ஒரு பெட்டைமான் விழுந்து கிடந்தது. கயிறு போட்டுத் தூக்கினோம். வயிற்றில் குட்டி. அன்றைக்கு நான் சோறு தின்னவில்லை.

ஐப்பசியில் நல்ல மழை. மலையடிவாரம் பச்சையாகிவிட்டது. ஊர் கோடையை மறந்தே போனது. நான் தினமும் அங்கே ஆடு மேய்க்கிறேன். முன்பெல்லாம் மான் புழுக்கையை மிதிக்காமல் நடக்க முடியாது. இப்போது என் ஆட்டுப் புழுக்கை மட்டும்தான் கிடக்கிறது. குளம்புத் தடம்கூட இல்லை. இதை யாரிடம் சொன்னாலும், "கொல்லை பூரா நின்னுதே, எங்க போயிடும்?" என்கிறார்கள்.

பொங்கல் வந்தது. வழக்கம் உனக்குத் தெரியாததா? முதல் வலை நம் வீட்டு வலை. அதைக் கட்டினால்தான் மற்றவர்கள் கட்டலாம். உத்தரத்தில் தொங்கும் வலையை வீட்டுக்காரிதான் இறக்கி, வாசப்படிக்கு வெளியே நீட்ட வேண்டும். எந்த ஆம்பளையும் அதை உள்ளே வந்து எடுக்கக் கூடாது. போன வருஷம் துக்கம் என்று ஊரே வேட்டையை நிறுத்தியது. இந்த வருஷம் விடிந்ததும் தப்பு மேளமும் நாயுமாக வாசலில் வந்து நின்றார்கள்.

"இன்னாம்மா அஞ்சல, வலைய எறக்கிக் குடு. பொழுது ஏறிக்கினு கீது" என்றார் ஊர்ப் பெரியவர்.

"காட்டுல போய்ப் பாத்தீங்களா? மான் எங்கங்க கீது?"

"அம்மனுக்கு ஒண்ணே ஒண்ணுதானம்மா."

"ஒண்ணுதாங்க. அது வவுத்துல குட்டி இல்லாததுன்னு நீங்க எழுதிக் குடுங்க, நான் எறக்கறேன்."

ஏழுமலைக்குப் பொறுக்கவில்லை. "ஃபாரஸ்ட்காரங்களுக்குப் பயந்துக்கினு பேசறியா அண்ணி?"

"புடிச்சா உள்ள போறவன் நீ. எனக்கு இன்னாடா பயம்?"

சிலர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. கிட்டே வந்து மெதுவாகச் சொன்னான். "துக்கம் இல்லாத வருசத்துல வலை தரலன்னா மொத வலை வேற வூட்டுக்குப் போயிடும். திரும்பி வராது. அண்ணன் பேரு போயிடும் அண்ணி."

அது சுருக்கென்று தைத்தது, மாமா. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கடைசியாக நீ என்ன சொன்னாய்? "வலைய எலி கடிக்காம பாத்துக்க" என்றாய். என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உனக்கு அது அவ்வளவு பெரிசு என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் மாட்டேன் என்றேன்.

இன்னொன்றும் சொன்னேன். போன வைகாசியில் ஏழுமலை மகளுக்கு நலங்கு வைக்கப் போனபோது, தாலி இல்லாதவள் என்று என்னை ஓரமாக உட்காரச் சொன்னார்கள். "அன்னிக்கு ஆவாத கை, இன்னிக்கு வலை எறக்க மட்டும் ஆவுமா?" என்று கேட்டேன். கூட்டத்துக்குப் பின்னால் நின்ற ஏழுமலை பெண்டாட்டி தலை குனிந்துகொண்டாள்.

வாசப்படியில் குறுக்கே உட்கார்ந்துவிட்டேன். பதினைந்து ஆம்பளைகள். என்னைத் தள்ளிவிட்டு எடுத்திருக்கலாம். வழக்கத்தை மீற அவர்களுக்குத் தைரியமில்லை. உச்சிவெயில் வரை நின்றுவிட்டு ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

வெள்ளிக்கிழமை ஊர் கூடியது. அடுத்த வருஷத்திலிருந்து முதல் வலை கீழத்தெரு வீட்டுக்கு என்று முடிவாகிவிட்டது. உன் அப்பா, தாத்தா காலத்திலிருந்து இருந்தது என்னோடு போயிற்று. வீட்டுக்குள் வந்து அழுதேன், மறைக்கமாட்டேன். அந்தப் பெட்டைமானைத் தூக்கியபோது கிணற்றடியில் நீ நின்றிருந்தால் என்ன செய்திருப்பாய்? இறக்கிக் கொடு என்றா சொல்லியிருப்பாய்?

மறுநாள் நானே வலையை இறக்கினேன். கொல்லைக்கு எடுத்துப் போய், கிணற்றைச் சுற்றிக் கம்பு நட்டு, வேலியாகக் கட்டிவிட்டேன். ஏழுமலை வந்து பார்த்தான். "எங்க அண்ணன் கையால பின்னினது அண்ணி இது" என்றான். கண் கலங்கியிருந்தது. "வோணும்னா அவுத்துக்கினு போ" என்றேன். அவன் அவிழ்க்கவில்லை. தொய்ந்திருந்த ஒரு முடிச்சை இழுத்துக் கட்டிவிட்டுப் போனான்.

அடுத்த பொங்கலுக்கு அவர்கள் எங்கே வலை கட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். என் ஆடு பதினாறும் அன்றைக்கு அங்கேதான் மேயும். காட்டில் மான் தடம் பழையபடி தெரியும்வரை, எத்தனை பொங்கல் ஆனாலும் சரி, அந்த இடத்தை விட்டு நகரமாட்டேன். இது உன் மேல் சத்தியம். நீயே எழுந்து வந்து "நகருடி" என்றாலும் நகரமாட்டேன். அப்படிச் சொல்வதற்காகவாவது ஒருமுறை வந்துவிட்டுப் போ, மாமா.

உன் அத்தை மகள், உன் பெண்டாட்டி,
அஞ்சலை