கோயிலடிப் பக்கத்து வேலி

சண்டிலிப்பாய்,
மாசி 8.

அன்புள்ள வினோஜாவுக்கு,

மயிலிட்டிக் காணியின் வேலியை எடுத்துவிட்டு மதில் கட்டினால் வண்டுகள் மேலால் பறந்து போகாதா என்று போன கிழமை சிரித்துக்கொண்டு கேட்டாய். எனக்குத் தெரியாது. விலங்கியல் படித்தவள், இத்தனை வருடம் படிப்பிக்கிறவள், இருந்தும் தெரியாது. நாங்கள் சுகம், ஒஸ்லோக் குளிரில் நீங்கள் இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைவு. தொலைபேசியில் கதைத்தால் அவர் பக்கத்திலேயே நிற்பார், அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு அற்புதராணி திங்கட்கிழமை மகளிடம் ஒஸ்லோவுக்குப் புறப்படுகிறா, மிளகாய்த்தூளோடு இதையும் கொடுத்துவிடுகிறேன்.

மயிலிட்டியில் உன் சீதனக் காணியை இராணுவம் திருப்பி விட்டபோது அந்தப் பக்கம் முழுவதும் ஒரே காடாக இருந்தது. அவரவர் தங்கள் துண்டைப் பெக்கோ இயந்திரம் விட்டு வழித்தார்கள். மிஞ்சியது இரண்டே பற்றைக்காடு, உன் காணியின் பின்பாதியும் தெருமுகப்பில் வைரவர் கோயிலடியும். இரண்டையும் தொடுத்து இப்போது எங்கள் கிளுவை வேலி மட்டும்தான் ஓடுகிறது, பூச்சிகள் அதன் வழியாகத்தான் போய்வருகின்றன என்று நினைக்கிறேன். பற்றையைக் காப்பாற்றத்தானே மதில் என்கிறாய். உன் மனம் எனக்கு விளங்குகிறது. ஆனால் முன்பெல்லாம் மாட்டுச்சாணம் விழுந்தால் விடிவதற்குள் சாணிவண்டுகள் உருட்டிக்கொண்டு போய்விடும், சுற்றிவர வழித்த பிறகு அது விழுந்த இடத்திலேயே காய்ந்து கிடக்கிறது. பற்றைக்குள் ஓரமெல்லாம் வெயிலும் காற்றும் புகுந்து சருகு நொறுங்குகிறது, எந்தக் கல்லைப் புரட்டினாலும் ஒரே சாதிச் சிற்றெறும்புதான். அப்பா வேலையை விட்டுவிட்டு முன்பாதியில் போட்ட பூசணியில் பூவுக்குக் குறைவில்லை, பிஞ்சுகள் மஞ்சளித்து விழுகின்றன. வேலியோரக் கொடிகளில் மட்டும்தான் காய். வேலிக்கு நட்டுப் பட்டுப்போன பூவரசங் கதிகால்களைத் துளைத்துக் குடியிருக்கிற கருவண்டுகள்தான் அங்கே பூவுக்கு வருகின்றன. மழை பிந்தியதும் காரணமாக இருக்கலாம், அடுத்த காணி நமசிவாயம் அண்ணை அடிக்கிற மருந்தும் காரணமாக இருக்கலாம். நான் சத்தியம் பண்ணமாட்டேன். இருந்தாலும் பயமாக இருக்கிறது. இன்னும் இரண்டு வருடத்தில் அந்தப் பற்றை மரங்கள் மட்டும் நிற்கிற வெறுங்கூடாகிவிடுமோ என்று தோன்றுகிறது.

இதைச் சொன்னதற்கு வாகீசன் சித்தப்பா, "அண்ணி வண்டுகளுக்கும் விசா எடுத்துக் குடுப்பா போலை" என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. "வேலி அடைக்கிற ஒவ்வொரு முறையும் நமசிவாயத்தார் ஒரு முழம் எங்கடை காணிக்குள்ளை அரக்கிறார், பிள்ளையின்ரை காணியை நான் பாத்துக்கொண்டிருக்கவோ?" என்றார். அதுவும் பொய்யில்லை. ஆகவே ஒன்றுதான் கேட்கிறேன். மேசன் அடுத்த கிழமைக் கடைசியில்தான் வருவான். நீ அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்து, மூன்று பக்கம் மதில் போதும், கோயிலடிப் பக்கத்து வேலி அப்படியே நிற்கட்டும் என்று சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே. நீ சொன்னால் கேட்பார்.

காதை மூடாமல் வெளியே போகாதே. மருமகனுக்கும் சொல். வைரவர் உங்களுக்குத் துணை நிற்கட்டும்.

அன்புடன்,
அம்மா

9ஆம் திகதி. உறை இன்னும் ஒட்டாததால் இதையும் எழுதுகிறேன். சீமெந்து லொறி இன்று காலையே வந்துவிட்டது. அது திரும்புவதற்கு இடம் வேண்டும் என்று வாகீசன் சித்தப்பா பெக்கோவைக் கூப்பிட்டு, நாங்கள் போய்ச் சேருவதற்குள் கோயிலடிப் பக்கத்து வேலியை முழுவதும் இழுத்துக் குவித்திருந்தார். முறிந்த கதிகால்களிலிருந்து வெளியே வந்த கருவண்டுகள் ஒருவரையும் கொட்டவில்லை. வேலி நின்ற உயரத்தில், வேலி நின்ற நேர்கோட்டில், அங்கும் இங்குமாகப் பறந்துகொண்டிருந்தன. அப்பா கிட்டப் போய்ப் பார்த்தார். "உதுகள் இனி எங்கை போகும்?" என்று என்னிடம் கேட்டார். தெரியாது என்றேன். பிறகு அவர் மேசனுக்குத் தொலைபேசி எடுத்து, நாளைக்கே வந்து நாலு பக்கமும் அத்திவாரம் வெட்டச் சொன்னார்.