ஏழு பொன்னாடைகள்

அன்புள்ள மகளுக்கு,

மூன்று வாரமாக நீ போனை எடுக்கவில்லை. கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

கிளென் ஈடனில் நடந்த நம் தமிழ்ச் சங்க விழாவில் பாட, உன் தோழி லொரேனை அழைத்து வந்தாய். வட அமெரிக்க ஒஜிப்வே பழங்குடிப் பாடகி, தன் மக்களின் ஏரியைக் காக்கப் போராடி நான்கு முறை கைதானவர். அவரைக் கௌரவிக்க ஏழு பேர் பொன்னாடை போர்த்தினார்கள். ஏழு பேரும் பேசினார்கள். ஒருவர் பாபடோயிட்டோயில் கார் நிறுத்த இடம் கிடைக்காததைப் பற்றி.

“பாட்டு எங்கங்க ஓடிடப் போகுது? இன்னும் ஒரே ஒரு சால்வை!” என்றார் தலைவர்.

லொரேன் கைமேளத்தை எடுத்தபோது மண்டபத்தைப் பூட்ட ஆள் வந்துவிட்டார்.

“எங்களிடமும் போர்வை போர்த்தி மரியாதை செய்யும் வழக்கம் உண்டு. பிறகு பாடவும் விடுவோம்” என்றார் லொரேன் என்னிடம், சிரிக்காமல்.

வெளியே கார்களுக்கு நடுவே நின்று பாடினார். நீ பக்கத்தில் இருந்தாய். நான் உள்ளே நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனாலும் கை நின்றுவிட்டது.

ஒரு திருத்தம். மொத்தம் எட்டுப் பேச்சு. எட்டாவது, பதினெட்டு நிமிடம், என்னுடையது. உன்னைப் பற்றித்தான் பேசினேன். “அப்பா, போதும்ப்பா” என்று நீ சொன்னது மைக்கிலேயே கேட்டது.

சனிக்கிழமை லொரேன் உன் வீட்டில் பாடுகிறாராம், அம்மா சொன்னாள். நான் வரலாமா? செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். சால்வை கொண்டுவர மாட்டேன்.

இனி பேசாதிருக்கும்,
அப்பா