வேப்பமரத்தடி வயலட்

14-11-1977, லக்ஷ்மிபாய் நகர், டெல்லி

தீபாவளிக்கு சிம்லாவிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் நேற்று திரும்பிப் போய்விட்டார். வரும்போது ஆப்பிள் வாங்கிவருவார் என்று பார்த்தால், ஈரத்துணியில் சுற்றிய வயலட் பூச்செடி வேர்! கொல்லையில் வேப்பமரத்தடியில் புல்கூட முளைக்காது. இது நிழலில்தான் படருமாம். நட்டுவிட்டு, "மரத்தடி முழுக்க மூடட்டும், அதுக்குள்ள டெல்லிக்கே மாத்தல் வாங்கிட்டு வந்துர்றேன்" என்றார். அப்போது சிரித்தேன். ரயில் போனபின் சிரிப்பு வரவில்லை.

18-12-1977

ஓர் இலைகூடப் புதிதாக இல்லை.

5-3-1978

வேப்பிலை கொட்டுகிறது. நானும் வேலைக்கு வரும் ஆராயியும் தினமும் பெருக்கித் தண்ணீர் தெளித்து மரத்தடியைப் பளிச்சென்று வைத்திருக்கிறோம். செடியோ சாகக் கிடக்கிறது. மேல்வீட்டு போனில் இவரிடம் சொன்னேன். "அடி பைத்தியமே, யாரு பெருக்கச் சொன்னா? மலையில அது சருகுக்குள்ளதான் கெடக்கும்!" டிரங்க் கால் முழுக்கச் செடியைப் பற்றியே பேச்சு. நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கவே இல்லை.

10-3-1978, வெள்ளி

சருகை அப்படியே விட்டாயிற்று. கை பரபரக்கிறது. ஆராயிக்குப் பொறுக்கவில்லை. "வெள்ளிக்கெழமையும் அதுவுமா குப்பையாக் கெடக்குதே, வீட்டுல பொம்பள இருக்காளான்னு கேப்பாங்கம்மா" என்கிறாள். ஆம்பிளை இருக்கிறானா என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

2-6-1978

லூ என்கிற அனல்காற்று வீசுகிறது. பாதி கருகிவிட்டது. ஆபீஸிலிருந்து வந்ததும் வாளியும் கையுமாக நிற்கிறேன்.

20-8-1978

பிழைத்துவிட்டது! சருகுக்கடியில் தண்டுகள் ஓடி, போன இடமெல்லாம் வேர் விட்டிருக்கின்றன. மேல்வீட்டு விசாலாக்ஷி மாமியிடம், "சீக்கிரமே இவர் இங்கேயே வந்துவிடுவார்" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டாமோ?

31-10-1978

தீபாவளிக்கு இவர் வரவில்லை. லீவு இல்லையாம்.

11-2-1979

ஊதா ஊதாவாகப் பூத்திருக்கிறது. போன் வந்ததும் அதைச் சொல்லத்தான் மாடிக்கு ஓடினேன். அதற்குள் இவரே, "இன்னும் ரெண்டு வருஷம் இங்கயே இருக்கேன்னு எழுதிக் குடுத்துட்டேன் ஜெயா. குளிர் பழகிப்போச்சு" என்றார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

லைன் போய்விட்டது. பழகிப்போச்சாம்! எனக்குப் பழகலையே — இந்த வீடு, ஒத்தைத் தட்டு, எதுவுமே பழகலையே.

4-3-1979, ஞாயிறு

மரத்தடி முழுக்க மூட, கொல்லைச் சுவர்வரை ஒரு சாண்தான் பாக்கி. காலையிலிருந்து உட்கார்ந்து, அந்தப் பக்கம் ஓடும் தண்டுகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டேன்.

"நல்லா வர்றத ஏம்மா கிள்றீங்க?" என்றாள் ஆராயி.

சாயங்காலம் போன். "செடி எப்படி இருக்கு? மரத்தடி மூடிருச்சா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லீங்க" என்றேன்.