அறுபது உருப்படி, இருநூற்றைந்து கால்

மார்ச் 4, செவ்வாய்

புதிதாகக் கேன்டீன் திறக்கிற அம்மா இன்று கடைக்கு வந்து நாற்காலியும் முக்காலியும் சொல்லிவிட்டுப் போனார். இதுவரை வந்ததிலேயே பெரிய ஆர்டர். திங்கள் காலை போய்ச் சேர வேண்டும்.

"எழுதிக்கலையா?" என்றார்.

"இருபது வருஷமா எல்லாம் இந்தத் தலையிலதாம்மா" என்றேன்.

அவர் படியிறங்குவதற்குள் வண்டிக்காரரிடம் அறுபது உருப்படி என்றும், புஷ் கடையில் கால் நுனியில் மாட்ட, காலுக்கு ஒன்றாக 205 ரப்பர் புஷ் என்றும் சொல்லி முடித்துவிட்டேன். வேகம்னா இது!

மார்ச் 7, வெள்ளி

மறந்துபோச்சு. முக்காலி எத்தனை, நாற்காலி எத்தனை — சுத்தமாக மறந்துபோச்சு.

திரும்பக் கேட்கலாமா? அடித்த ஜம்பத்துக்கு அந்தம்மா நேராக எதிர்க்கடைக்குப் போய்விடுவார். அங்கே உட்கார்ந்திருப்பவன் என் மச்சான். ஆயுசுக்கும் சொல்லிச் சிரிப்பான்.

மார்ச் 8, சனி

என் மனைவி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவள். வெட்கத்தை விட்டுச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"முக்காலி x, நாற்காலி y. ரெண்டும் சேர்ந்து அறுபது. எது எத்தனை, சொல்லுங்க."

"முப்பது, முப்பது."

"ஏன், நாப்பதும் இருபதும் அறுபது இல்லையா? ஒரு சமன்பாட்டை மட்டும் வச்சா ஊரெல்லாம் சுத்திக்கிட்டே இருக்கலாம். காலையும் சேருங்க. மூணு x, நாலு y, மொத்தம் 205."

நாலு வரியில் முடித்து, சீட்டில் (35, 25) என்று எழுதிக் கொடுத்தாள். "வரிசைச் சோடிங்க இது. வரிசை முக்கியம்."

சரி சரி என்று பையில் போட்டுக்கொண்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

சீட்டைப் பார்த்து, 35 நாற்காலி, 25 முக்காலி எடுத்து வைக்கச் சொன்னேன். வேலையாள் நெட்டை, புஷ் மாட்டிவிட்டு வந்து தலையைச் சொறிந்தான்.

"மொதலாளி, பத்து கால் செருப்பில்லாம நிக்குது."

புஷ் கடைக்காரரைத் திட்டித் தீர்த்தேன். எண்ணினால் 205 சரியாக இருக்கிறது. வீட்டுக்குப் போன் போட்டேன்.

"முதல்ல எதைப் படிச்சீங்க?"

"நாற்காலியை. விலை கூடினதை முதல்ல சொல்றதுதானே வியாபாரம்?"

"முதல்ல இருக்கறது x. x யாரு?"

அடச்சே! முக்காலி!

வரிசையைப் புரட்டினால் ஆளே மாறிவிடுகிறது. பத்து நாற்காலியை எடுத்துவிட்டுப் பத்து முக்காலியை வைத்தோம். எல்லாக் காலுக்கும் புஷ். அப்புறம்தான் சோறு இறங்கியது.

மார்ச் 10, திங்கள்

இறக்கியாயிற்று. "எழுதாமலே எப்படிங்க!" என்று அசந்துபோனார் அந்தம்மா. நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

மார்ச் 24, திங்கள்

கேன்டீன் அம்மா போன் செய்தார்.

"மாடிக்கும் வேணும்ங்க. மொத்தம் நாப்பது. காலு நூத்தி நாப்பத்திரெண்டு. மத்ததை நீங்களே கண்டுபிடிச்சுக்குங்க."

சிரித்தபடியே வைத்துவிட்டார். நெட்டையைத் திரும்பிப் பார்த்தேன். அந்தம்மாவிடம் எல்லாம் உளறிவிட்டு டீ குடிக்க நழுவியிருந்தான், துரோகி.

வீட்டுக்குப் போன் போடவில்லை. நாற்பதும் முக்காலி என்றால் 120 கால். மிச்சம் 22. அத்தனையும் நாற்காலிகளின் நாலாவது கால்.

(18, 22). முக்காலி முன்னால்.