அத்தானின் ஆறு வாரம்

கொட்டாரம்
ஜூன் 9, ஞாயிறு

அன்புள்ள தம்பி ஸ்டெனிக்கு,

அக்கா எலிசா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபை உன்னோடு இருப்பதாக. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். உன் அத்தானின் கட்டில் இப்போது முன்னறையில் கிடக்கிறது. நான் எந்த மூலையில் நின்று பேசினாலும் அவருக்குக் கேட்கும். பக்கத்து வீட்டுப் பிரபின் வியாழக்கிழமை நீ இருக்கும் தம்மாமுக்குத் திரும்புகிறான். அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

இங்கே மழை பிடித்துவிட்டது. உன் அஜிதாவும் பிள்ளையும் சுகம். பிள்ளைக்கு முன்பல் விழுந்துவிட்டது.

மக்கா, அத்தானுக்குக் காலில் சின்ன ஆபரேஷன் என்று உன்னிடம் சொன்னோமே, அது பொய். ஏப்ரல் கடைசியில் வலது காலை முட்டுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உன்னிடம் சொல்லக் கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கியவர் அவர்தான். அதனால்தான் வீடியோவில் முகத்தை மட்டும் காட்டினார்.

பதினைந்து வருஷமாக ஜெராக்ஸ் கடையில் காலையிலிருந்து இரவு வரை ஒரே நாற்காலியில் இருந்த மனுஷன். பசித்தால் எதிர்க்கடை பரோட்டா. போன நவம்பரில் சர்க்கரை இருநூற்று எண்பது. மாத்திரை மட்டும் காணாது செல்வன், உடம்பு அசையணும் என்று டாக்டர் அத்தானிடம் சொன்னார். முட்டு வலி, பிரஷர் எல்லாம் இருக்கிற ஆளுக்கு எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று யாருக்குத் தெரியும்? அப்படித்தான் ஜினிஷாவை வரச் சொன்னேன். காலேஜில் கபடி ஆடிய பெண். முறையாகப் படித்துவிட்டு, ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய் ஒவ்வொருவர் உடம்புக்கும் தக்க பயிற்சி கொடுக்கிறாள். டாக்டர் சீட்டைப் பார்த்த பிறகுதான் தொடங்கினாள். முதல் நாளே அத்தானின் உள்ளங்காலைப் பஞ்சால் தொட்டாள். அவருக்குத் தெரியவே இல்லை. “அண்ணா, செருப்பில்லாம ஒரு எட்டு வைக்கப்படாது” என்று கண்டிப்பாகச் சொன்னாள்.

நாற்காலியிலிருந்து எழும்புவது, உட்காருவது. தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது. அவ்வளவுதான். ஆறாவது வாரம் வெறும் வயிற்றுச் சர்க்கரை நூற்றைம்பதுக்கு வந்தது. ஒரு நாள் இடையில் நிற்காமல் மொட்டை மாடிக்கு ஏறிப்போய், அங்கிருந்து என்னைக் கூப்பிட்டுச் சிரித்தார்.

கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் நீ வீடியோவில் வந்தாய். ஜினிஷா எண்ண எண்ண அவர் எழும்பி உட்கார்ந்துகொண்டிருந்தார். “அத்தானுக்கு இந்த வயசுல டான்ஸ் கிளாஸா?” என்று கேட்டாய். அதைப் படமாக எடுத்துக் குடும்பக் குரூப்பிலும் போட்டாய். எல்லாரும் சிரித்தார்கள். நானும் இரண்டு சிரிக்கிற மூஞ்சி போட்டேன் மக்கா. சர்க்கரை எவ்வளவு என்று தெரிந்த நானே போட்டேன்.

மறுநாள் ஸ்கூட்டர் வந்தபோது அவர் கேட்டைத் திறக்கவில்லை. “ஏட்டி, ஊரு சிரிக்குது. கிறிஸ்மஸ் கழியட்டும்” என்றார். கிறிஸ்மஸ் கழிந்தது. பிறகு பயிற்சிக்கு அவர் எழும்பவே இல்லை. நானும் வற்புறுத்தவில்லை. மாத்திரையையும் ஒரு நாள் போட்டார், ஒரு நாள் மறந்தார்.

குருத்தோலை ஞாயிறு பவனியில் செருப்பைக் கோவில் வாசலில் விட்டுவிட்டு நடந்தார். தார் ரோடு கொதித்தது. அவருக்குச் சுடவில்லை. வீட்டுக்கு வந்தபோது அவர் மிதித்த இடமெல்லாம் ஈரமாக இருந்தது. காலைத் தூக்கிப் பார்த்தேன், கொப்புளம் பொட்டித் தோல் தொங்கிக் கிடந்தது. முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். பிறகு பாதத்தை. அழுகல் அதற்கும் மேலே ஏறிவிட்டது என்றார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தார். நாங்கள் கூப்பிடாமலே ஜினிஷா வந்தாள். அரை மணிக்கூர் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டுப் போனாள். மூன்று நாள் அப்படியே வந்தாள். நான்காம் நாள் அத்தான் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்: “மத்த காலாவது நிக்குமா பிள்ளே?”

“தெரியாது அண்ணா. சும்மா கெடந்தா நிக்காது” என்றாள்.

இப்போது படுத்தபடியே இடது காலைப் பத்துத் தடவை தூக்குகிறார். பத்தாவது தடவை அழுகிறார். அந்தக் காலிலும் ரத்த ஓட்டம் குறைவு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அவரும் உன்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அஜிதா போன வாரம் அடுக்களையில் நின்று அழுதாள். கம்பெனி மெடிக்கலில் உனக்குச் சர்க்கரை முந்நூற்றுப் பத்து என்று எழுதிய தாள், நீ அனுப்பிய போன் படங்களுக்குள்ளே தவறி வந்திருந்ததைப் பார்த்தாளாம். நீ அவளிடம் சொல்லவில்லை. பன்னிரண்டு மணிக்கூர் கிரேனுக்குள் ஒரே இருப்பில் இருக்கிறாய். அப்பாவுக்கும் இந்த வியாதிதான் என்பதை மறந்துவிடாதே.

நீங்கள் தங்கும் கேம்பில் பயிற்சி கொடுக்க ஒரு ஆள் இருப்பதாகப் பிரபின் சொன்னான். முதலில் டாக்டரிடம் போ. பிறகு அந்த ஆளிடம் தாளைக் காட்டி, உன் உடம்புக்கு எது ஆகும் என்று கேட்டுத் தொடங்கு. கூட இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் மக்கா. நம்மைப்போல அவர்களுக்கும் தெரியாது.

டிசம்பரில் லீவு என்றாயே. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் உன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வர இந்தத் தடவை அத்தான் வரமாட்டார். நானும் அஜிதாவும் கண்ணாடிக்கு வெளியே நிற்போம். நீ உள்ளேயிருந்து வருவதைப் பார்க்கும்போது நாங்கள் முகத்தைப் பார்க்கமாட்டோம், காலைத்தான் பார்ப்போம். இரண்டு காலிலும் நடந்து வா. கர்த்தர் உன்னை அப்படியே எங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பாராக.

உன் அக்கா,
எலிசா