தோட்டைக் கிட்டத்தில் பார்க்க ஒரு லென்ஸ்

என் அம்மாவுக்கு,

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. உன்னைத் தூக்கி உட்காரவைத்து வந்த முதுகுவலி போய்விட்டது. களைப்பு மட்டும் போகவில்லை. இப்போது எனக்கு என்ன வேலை தெரியுமா? உன் நகைகளைப் படம் எடுக்க எந்த லென்ஸ் நல்லது என்று இந்தத் தீவில், மின்னி பே வீட்டில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்கிறேன். சிரிக்காதே.

பெரியக்காவால் மதுரையை விட்டு வர முடியவில்லை. சின்னக்காவுக்குச் சென்னையில் லீவு இல்லை. மூத்தவள் முதலில் எடுப்பாள், மிஞ்சியது கடைக்குட்டிக்கு. நம் வீட்டு வழக்கம்தானே? படத்தைப் பார்த்தே பிரித்துக்கொள்ளலாம் என்றார்கள். போனில் எடுத்து அனுப்பினேன். எல்லாம் கலங்கலாக வந்திருந்தது.

பெரியக்கா கூப்பிட்டாள். "ஏன்டி, ஏழுகல் தோட்டுல கல்லு மங்கித் தெரியுது? யாரும் மாத்திட்டாகளா?"

இந்த வீட்டில் நீயும் நானும் உன் மருமகனும்தான் இருந்தோம். அவள் சொன்ன 'யாரும்' யார் அம்மா? அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே உன் மருமகனின் பழைய கேமராவைத் தூக்கிக்கொண்டு அபர்தீன் பஜாருக்குப் போனேன். நகையைக் கிட்டத்தில் எடுக்க மேக்ரோ லென்ஸ் வேண்டுமாம். அறுபது மில்லிமீட்டர் என்று ஒன்று, நூறு என்று ஒன்று. விலை குறைந்த அறுபதைக் கையில் எடுத்தேன். கடைக்காரர் இந்தி கலந்த தமிழில் தடுத்துவிட்டார்.

"அது வேணாம் தீதி. ரொம்பக் கிட்டப் போகணும், உங்க நிழலே நகை மேல விழும். நூறு எடுங்க, ஆராம்சே, நிதானமா தள்ளி நின்னு எடுக்கலாம். ஸ்டாண்டு இல்லாம தொடாதீங்க, கை ஆடும்."

"புதுசு இருக்கா?"

"மெயின்லேண்ட்ல இருந்து வரணும். ஷிப் எப்போ வருமோ, மாலூம் நஹி. என்னோடதை வாடகைக்குத் தர்றேன். வேலை முடிஞ்சதும் டப்பாவுல போட்டு மூடிடுங்க. நம்ம ஊரு ஈரத்துக்குப் பூஞ்சை பிடிச்சிடும்."

படம் பளிச்சென்று வரட்டுமே என்று முதலில் சங்கிலியையும் வளையல்களையும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். மேகம் மூடிய பகல், ஜன்னலோரம் நல்ல வெளிச்சம். தங்கத்தில் என் மூஞ்சி தெரிந்ததால் இரண்டு பக்கமும் தெர்மகோலை நிறுத்தினேன். படம் கடை விளம்பரம் மாதிரி வந்தது.

சின்னக்கா உடனே போனில் குரல் பதிவு அனுப்பினாள். "என்னடி இது, புதுசா வாங்குன மாதிரி இருக்கு? அம்மாவோடது மாதிரியே இல்லையே."

அவள் சொன்னது சரிதான் அம்மா. உன் கழுத்து எண்ணெயும் உன் வாசனையும் எந்தச் சாக்கடையில் போயினவோ. நான்தான் தேய்த்துத் தேய்த்துப் போக்கினேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

தோட்டைக் கழுவவில்லை. அதற்குள் அலுத்துப் போயிருந்தேன். அப்படியே வைத்து எடுத்தேன். முன்கல் தெளிந்தால் பின்கல் மங்கியது. எப்படியோ ஏழு கல்லும் சிவப்பாகத் தெரிந்தன. எதுவும் மாறவில்லை. பிறகு திருப்பி வைத்துப் பின்பக்கத்தை எடுத்தேன். திருகாணியைச் சுற்றி வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. படத்தைப் பெரிதாக்கினேன்.

பவுடர்.

தினமும் உடம்பு துடைத்துவிட்டு உன் காதுக்குப் பின்னால் நான் போட்டுவிட்ட பவுடர். "போதும்டி, கல்யாணத்துக்கா போறேன்?" என்பாயே. கேமராவைப் பிடித்தபடியே அழுதேன். நீ போன அன்றுகூட இப்படி அழவில்லை. அன்று வந்தவர்களுக்குக் காப்பி போட என்னைவிட்டால் ஆள் இல்லை.

முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் அக்காமாருக்கு அனுப்பினேன். கீழே எழுதினேன்: 'கல் மாறவில்லை. இந்தத் தோடு எனக்கு வேண்டும்.'

நான் எதையாவது வேண்டும் என்று கேட்டு நீ பார்த்திருக்கிறாயா? வாய்க்கு வராததை விரலால் எழுதிவிட்டேன். இரண்டு பேரும் பார்த்துவிட்டார்கள். இன்னும் பதில் இல்லை. மூத்தவளை முந்திக்கொண்டு கேட்டதில் கோபமோ என்னவோ.

அவர்கள் என்ன சொன்னாலும் சரி. 'பரவாயில்லக்கா, நீங்களே எடுத்துக்குங்க' என்று இந்த ஒரு தடவை மட்டும் சொல்லமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் காதுக்குப் பவுடர் போட்டுவிட்ட,
கடைசி மகள்